தொண்டும் பதிவேடும்: மருத்துவர் வி. சாந்தாவை நினைவுகூர்வது குறித்து

1. கேள்வி

2021 ஜனவரி 19 அன்று மருத்துவர் வி. சாந்தா சென்னையில் காலமானார். வயது 93. தமிழக அரசு காவல்துறை மரியாதையுடன் அவரை வழியனுப்பியது. மறுநாள் நாளேடுகளில் வந்த அஞ்சலிகள் ஏறத்தாழ ஒரே சித்திரத்தைத் தீட்டின. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வளாகத்திலேயே எளிய இருப்பிடத்தில் வாழ்நாளைக் கழித்தவர், திருமணம் செய்துகொள்ளாதவர், தனியார் மருத்துவத்தின் வருமானத்தை வேண்டாம் என்றவர், ஏழை நோயாளிகளுக்குத் தாயாக இருந்தவர். இவற்றில் எதுவும் பொய்யல்ல. ஆனால் இவை மட்டுமே நினைவில் நின்றால் அவர் செய்த வேலையின் பெரும்பகுதி மறைந்துபோகும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

தியாகத்தைப் போற்றுவது எளிது. போற்றிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடலாம். ஒருவர் கண்டறிந்த முறையை ஏற்றுக்கொள்வது கடினம், ஏனெனில் அதை நாமும் செய்தாக வேண்டும். சாந்தா நமக்கு விட்டுச் சென்றது எது? தொண்டு என்னும் முன்மாதிரியா, அல்லது நோயாளியைக் கணக்கிலிருந்து தவறவிடாத ஒரு மருத்துவ முறையா? இந்தக் கேள்வியைச் சென்னையிலிருந்து கேட்பதைவிட, அங்கிருந்து சுமார் 650 கிலோமீட்டர் தெற்கே, தூத்துக்குடிக் கரையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் சாயர்புரம் போன்ற ஊரிலிருந்து கேட்பது பயன் தரும். ஜி.யு. போப் தம் இளமையில் பள்ளி நடத்திய ஊர் இது. பனங்காடும் சிறு வேளாண்மையும் சூழ்ந்த ஊர். இதன் கிழக்கே கடலோரத்தில் உப்பளங்களும் மீனவர் குடியிருப்புகளும் உள்ளன. புற்றுநோய் என்று தெரிந்ததும் இரவு முத்துநகர் விரைவு ரயிலில் ஏறி எழும்பூரில் இறங்கும் குடும்பங்களை இந்த வட்டாரம் நீண்ட காலமாக அறியும். ஒரு பெரிய மருத்துவமனையின் பெருமையை அளக்க, அதன் வாசலில் நிற்பவரின் பார்வை மட்டும் போதாது. அங்கே போய்ச் சேர முடியாதவரின் பார்வையும் வேண்டும்.

2. நிலவும் புரிதல்

சாந்தாவின் வாழ்க்கைக் குறிப்பு பலரும் அறிந்தது. 1927 மார்ச் 11 அன்று சென்னை மயிலாப்பூரில் பிறந்தார். நோபல் பரிசு பெற்ற சி.வி. ராமனும் எஸ். சந்திரசேகரும் அவருடைய உறவினர்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1949இல் மருத்துவப் பட்டமும் 1955இல் மகப்பேறு, பெண்கள் மருத்துவத்தில் மேற்பட்டமும் பெற்றார். அரசுத் தேர்வாணையத்தின் வழியாக எழும்பூர் மகளிர் மருத்துவமனையில் பணி கிடைத்தது. அதை ஏற்காமல், அப்போதுதான் தொடங்கியிருந்த புற்றுநோய் மருத்துவமனையில் சேர்ந்தார். முதல் மூன்றாண்டுகள் ஊதியமின்றி உழைத்தார். பிறகு மாதம் 200 ரூபாயும் வளாகத்தில் தங்க இடமும் கிடைத்தன.

அந்த நிறுவனத்தை உருவாக்கியவர் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி. அவருடைய தங்கை 1923இல் புற்றுநோயால் இறந்தார். நோய் இன்னதென்று காலத்தில் கண்டுபிடிக்கப்படாமல் போன மரணம் அது. அந்த இழப்பிலிருந்து முளைத்த எண்ணம் மருத்துவமனையாக முப்பதாண்டுகள் ஆயின. 1952 அக்டோபரில் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18இல் 12 படுக்கைகளுடன் மருத்துவமனை திறக்கப்பட்டது. முத்துலட்சுமியின் மகன் மருத்துவர் எஸ். கிருஷ்ணமூர்த்தியும் அடுத்த ஆண்டு வந்து சேர்ந்த சாந்தாவும் அதன் இரு தூண்கள் ஆனார்கள். புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை எதற்கு, அந்த நோயாளிகள் எப்படியும் சாகத்தானே போகிறார்கள் என்ற எண்ணம் அன்றைய அரசுப் பொறுப்பிலிருந்தவர்களிடமே இருந்ததைச் சாந்தா பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார்.

1980 முதல் 1997 வரை நிறுவனத்தின் இயக்குநராகவும் அதன்பின் தலைமைப் பொறுப்பிலும் இருந்தார். 2005இல் பொதுச் சேவைக்கான மகசேசே விருது கிடைத்தது. 1986இல் பத்மஸ்ரீ, 2006இல் பத்மபூஷண், 2016இல் பத்மவிபூஷண் என்று நாட்டின் உயர் விருதுகள் அடுத்தடுத்து வந்தன. மகசேசே விருதுக் குறிப்பு, நிறுவனத்திற்கு வருவோரில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ கிடைப்பதைச் சுட்டியது.

இந்தப் புரிதலில் மூன்று அடுக்குகள் கலந்து கிடக்கின்றன. முதலாவது அறம்: பணத்தைப் பொருட்படுத்தாத மருத்துவர். இரண்டாவது நிறுவனம்: பன்னிரண்டு படுக்கைகளிலிருந்து பல நூறு படுக்கைகளுக்கு வளர்ந்த மருத்துவமனை. மூன்றாவது அறிவியல்: எந்தச் சிகிச்சை யாருக்குப் பயன் தந்தது, எத்தனை ஆண்டுகள் தந்தது என்று அறியும் முயற்சி. அஞ்சலிகள் முதல் அடுக்கை விரித்து எழுதுகின்றன, இரண்டாவதைப் பட்டியலிடுகின்றன, மூன்றாவதை ஒரு வரியில் தாண்டிச் செல்கின்றன. நான் மூன்றாவதிலிருந்து தொடங்க விரும்புகிறேன்.

3. முன்வரலாறு: நெய்யூரின் கணக்கு

தென்கோடித் தமிழகத்தில் புற்றுநோயை எண்ணிப் பார்க்கும் பழக்கம் அடையாற்றுக்கு முந்தியது. அன்று தென் திருவிதாங்கூரில் இருந்த நெய்யூர் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. அங்கிருந்த லண்டன் மிஷன் மருத்துவமனையில் பணியாற்றிய பென்டால், 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றிய தொகுப்பை 1908இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார். அதே ஆண்டில் அதே இதழில், அதே மருத்துவமனையைச் சேர்ந்த ஃபெல்ஸ், தென்னிந்தியரின் வாய்ப் புற்றுநோயைப் பற்றி 209 அறுவைச் சிகிச்சைகளின் அடிப்படையில் எழுதினார். 1933இல் ஐ.எம். ஓர், வெற்றிலை பாக்கு போடுவோரின் வாய்ப் புற்றுநோயைக் குறித்து லான்செட் இதழில் கட்டுரை வெளியிட்டார்.

இவர்கள் கண்டது மிக முக்கியமானது. ஐரோப்பாவில் அரிதாக இருந்த கன்னத்து உட்புறப் புற்றுநோய் இங்கே மலிந்து கிடந்தது. புகையிலையை எந்தக் கன்னத்தில் ஒதுக்கி வைத்தார்களோ அந்தக் கன்னத்திலேயே அது தோன்றியது. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு குறை இருந்தது. மருத்துவமனைக்கு வந்தவர்களை எண்ணினார்கள். வராதவர்களைப் பற்றியும், நோயில்லாதவர்களிடையே அதே பழக்கம் எந்த அளவு இருந்தது என்பதைப் பற்றியும் அதிலிருந்து அறிய முடியாது. வெற்றிலை போடாத பெரியவர் அருகிப்போன ஊரில், நோயாளிகள் எல்லாரும் வெற்றிலை போடுபவர்கள் என்று சொல்வதில் சான்று குறைவு. ஒப்பிடுவதற்கு நோயில்லாத ஒரு கூட்டமும் வேண்டும்.

சாந்தாவும் கிருஷ்ணமூர்த்தியும் இங்கே ஒரு படி முன்னேறினார்கள். வாய்ப் புற்றுநோய்க்கான காரணிகள் குறித்து 1959இலும், உணவுப்பாதையின் மேற்பகுதிப் புற்றுநோய்கள் குறித்து 1963இலும் பிரிட்டிஷ் புற்றுநோய் இதழில் அவர்கள் வெளியிட்ட கட்டுரைகள் நோயாளிகளை நோயில்லாதவர்களோடு ஒப்பிட்டன. மெல்லும் பழக்கம், புகைக்கும் பழக்கம், மது ஆகியவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தன. புகையிலை சேர்த்து மெல்வதன் தொடர்பு கன்னம், வாய் ஆகிய இடங்களில் தெளிவாகத் தெரிந்தது. பிற்காலத்தில் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வெற்றிலை, பாக்கு பற்றிய சான்றுகளைத் தொகுத்தபோது இக்கட்டுரைகளையும் எடுத்துக்கொண்டது. அந்த முகமை 1985இல் புகையிலை சேர்த்த வெற்றிலையைப் புற்றுநோய்க் காரணி என்று வகைப்படுத்தியது. புகையிலை சேராத வெற்றிலையையும் வெறும் பாக்கையும் அப்படிச் சொல்ல 2004 வரை ஆயிற்று. அறிவியல் முடிவுகள் எவ்வளவு மெதுவாக உருவாகின்றன என்பதற்கு இந்த இடைவெளியே சான்று.

மருத்துவமனை வாசலில் வரிசையில் நின்றவர்களிடம் கேட்ட கேள்விகளிலிருந்து இந்த அறிவு பிறந்தது. வேலைப்பளு மிகுந்த, போதிய ஆளில்லாத ஒரு சிறு மருத்துவமனையில், சிகிச்சை கொடுப்பதோடு நிற்காமல், யாருக்கு எப்படி வந்தது என்று தாளில் குறித்துவைத்தார்கள். இதைத் தொண்டு என்னும் சொல்லால் மட்டும் விளக்க முடியாது.

4. சிகிச்சையைச் சோதிப்பது

சாந்தாவின் அறிவியல் பணியை மதிப்பிட இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். ஒன்று சர்ச்சைக்குரியது. மற்றொன்று உறுதியாக நிலைத்தது.

முதலாவது, முற்றிய வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுடன் ப்ளியோமைசின் என்ற மருந்தையும் சேர்த்துக் கொடுக்கும் முறை. நோயாளிகளைக் குழுக்களாகப் பிரித்துச் சோதித்த முடிவுகளைச் சாந்தாவும் கிருஷ்ணமூர்த்தியும் 1980இல் வெளியிட்டார்கள். கதிர்வீச்சை மட்டும் பெற்றவர்களைவிட இரண்டையும் பெற்றவர்கள் நன்கு தேறினார்கள் என்பது அவர்கள் முடிவு. ஆனால் பிற நாடுகளில் நடந்த சோதனைகள் எல்லாம் அதே அளவு பயனைக் காட்டவில்லை. பின்னாளில் கதிர்வீச்சுடன் சேர்த்துக் கொடுக்கும் மருந்தாக சிஸ்பிளாட்டின் நிலைபெற்றது. ஆகவே அடையாற்று முடிவு அப்படியே உலகின் வழக்கமாகிவிட்டது என்று சொன்னால் அது மிகை. ஆனால் மருந்தையும் கதிர்வீச்சையும் ஒரே நேரத்தில் கொடுக்கலாம் என்ற திசை சரியானது. இன்று தலை, கழுத்துப் புற்றுநோய்களுக்கு உலகெங்கும் அதுதான் வழக்கம். ஓர் ஆய்வாளரின் ஒவ்வொரு முடிவும் நிலைக்க வேண்டியதில்லை. சரியான கேள்வியைச் சோதிக்கத்தக்க முறையில் கேட்டாரா என்பதே அளவுகோல்.

இரண்டாவது, குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய். 1970களில் இந்தியாவின் பெரிய மருத்துவமனைகளில்கூட இந்நோய் கண்ட குழந்தைகளில் ஐந்தில் ஒருவரைக் காப்பாற்றுவது அரிதாக இருந்தது. அமெரிக்காவில் பயன்பட்ட முறையை அப்படியே கொண்டுவர இயலாது. தொற்று, ஊட்டக்குறைவு, ரத்தம் கிடைக்காமை ஆகியவற்றால் சிகிச்சையே உயிரைப் பறிக்கும். இந்தியச் சூழலுக்கு ஏற்ப வடிவமைத்த எம்.சி.பி. 841 என்ற ஒரே சிகிச்சை முறையைச் சென்னை அடையாறு, மும்பை டாடா, தில்லி எய்ம்ஸ் ஆகிய மூன்று மையங்கள் பின்பற்றின. நான்காண்டு முடிவில் நோய் மீளாமல் வாழ்ந்தவர்களின் விகிதம் 20 விழுக்காட்டுக்கும் கீழிருந்து 45 முதல் 60 விழுக்காடு வரை உயர்ந்தது. இருபதாண்டு அனுபவத்தைத் தொகுத்து 2005இல் வந்த கட்டுரையின் ஆசிரியர்களில் சாந்தாவும் ஒருவர்.

இந்த எண்ணிக்கையின் பொருளை ஊன்றிக் கவனிக்க வேண்டும். மேல்நாட்டு மையங்கள் அப்போதே இதைவிட அதிகமாகக் காப்பாற்றிக்கொண்டிருந்தன. எனவே இது முழு வெற்றி அல்ல. ஆனால் மூன்று மருத்துவமனைகள் ஒரே முறையைப் பின்பற்றி, ஒரே வகையில் கணக்கு வைத்ததால்தான் எந்தக் குழந்தைகள் நோயால் இறந்தார்கள், எவர்கள் சிகிச்சையின் பக்கவிளைவால் இறந்தார்கள் என்று பிரித்து அறிய முடிந்தது. அடுத்த கட்ட முன்னேற்றம் அந்தப் பிரித்தறிதலிலிருந்துதான் தொடங்கும். ஒவ்வொரு மருத்துவரும் தம் கைராசியை நம்பிச் செயல்பட்டிருந்தால் அது நடந்திருக்காது.

5. பதிவேடும் விடுபட்டவர்களும்

மையமான கேள்விக்கு இங்கே வருகிறோம். ஒரு மருத்துவமனை தன் சிகிச்சை சிறந்தது என்று எப்படிச் சொல்ல முடியும்? சிகிச்சை பெற்றவர்கள் ஐந்தாண்டுகள் கழித்து உயிரோடிருக்கிறார்களா என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும். சிகிச்சை முடிந்து ஊருக்குப் போன நோயாளி மீண்டும் வரவில்லை என்றால்?

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். நூறு பேருக்குச் சிகிச்சை அளிக்கிறோம். ஐந்தாண்டு கழித்து நாற்பது பேர் உயிரோடிருப்பது தெரிகிறது. முப்பது பேர் இறந்ததும் தெரிகிறது. மீதி முப்பது பேரைப் பற்றி எதுவும் தெரியவில்லை. தெரிந்தவர்களை மட்டும் வைத்தால் எழுபதில் நாற்பது, அதாவது 57 விழுக்காட்டினர் பிழைத்தார்கள் என்று விளம்பரம் செய்யலாம். தெரியாத முப்பது பேரும் இறந்திருந்தால் உண்மை 40 விழுக்காடுதான். அவர்கள் அனைவரும் நலமாக இருந்தால் 70 விழுக்காடு. தொலைந்துபோனவர்கள் யார் என்பதைப் பொறுத்தே உண்மை அமைகிறது. பொதுவாகத் தொலைந்துபோகிறவர்கள் ஏழைகள், தொலைவில் வாழ்பவர்கள், நோய் முற்றியவர்கள். அதாவது இறந்திருக்க வாய்ப்பு அதிகமுள்ளவர்கள். அவர்களை விட்டுவிட்டுப் போடும் கணக்கு மருத்துவமனைக்கே சாதகமாக அமையும்.

அடையாற்று நிறுவனத்தில் வளர்ந்த பின்தொடரும் பழக்கத்தின் முக்கியத்துவம் இதில்தான் இருக்கிறது. சென்னைப் புற்றுநோய்ப் பதிவேடு 1980களின் தொடக்கத்தில் தொடங்கியது. மும்பை, பெங்களூரு ஆகியவற்றுடன் தேசியப் பதிவேட்டுத் திட்டத்தின் முதல் நகரங்களில் சென்னையும் ஒன்று. நோயாளி தாமாக வருவார் என்று காத்திராமல், அரசு மருத்துவமனைகள், தனியார் மருத்துவமனைகள், ஆய்வகங்கள், மாநகராட்சியின் இறப்புப் பதிவு ஆகியவற்றுக்குப் பணியாளர்கள் நேரில் சென்று ஒவ்வொரு நோயாளியின் விவரத்தையும் எடுப்பார்கள். நோயாளியின் நிலையை அறிய அஞ்சல் எழுதுவார்கள். தொலைபேசியில் கேட்பார்கள். தேவைப்பட்டால் வீட்டுக்கே போவார்கள். முகவரி மாறியிருக்கும். வாடகை வீடு காலியாகியிருக்கும். பக்கத்து வீட்டுக்காரர்தான் இறந்த செய்தியைச் சொல்வார். சலிப்பூட்டும் வேலை இது. இதற்கு விருது கிடையாது. ஆனால் இந்தியாவின் புற்றுநோய் பற்றி இன்று உறுதியாகச் சொல்லக்கூடிய பலவும் இந்த வேலையிலிருந்து வந்தவை.

சென்னைப் பெண்களிடையே கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆண்டுதோறும் குறைந்து, மார்பகப் புற்றுநோய் கூடி, பின்னாளில் முதலிடம் பிடித்ததைப் பதிவேடு காட்டியது. இதன் காரணம் பற்றி விவாதம் உண்டு. திருமண வயது உயர்ந்தது, பிள்ளைப்பேறு குறைந்தது, சுகாதாரம் மேம்பட்டது என்று விளக்கம் சொல்வோர் உளர். முறையான பரிசோதனைத் திட்டம் எதுவும் பரவலாகாத காலத்திலேயே அந்தச் சரிவு தொடங்கிவிட்டதால், அதன் பெருமையை மருத்துவத் துறை முழுவதுமாக உரிமை கொண்டாட முடியாது. பதிவேட்டின் நேர்மை இதுதான். அது தன்னை நடத்துபவர்களின் பெருமையையும் சேர்த்தே கேள்விக்கு உட்படுத்தும்.

பதிவேடு சென்னையோடு நிற்கவில்லை. திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையை மையமாகக் கொண்ட பதிவேடு ஊர்ப்புறத்தையும் கணக்கில் கொண்டுவந்தது. 2012 முதல் மாநிலம் முழுவதையும் தழுவிய தமிழ்நாடு புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் அரசும் நிறுவனமும் இணைந்து நடத்துவது. அப்போதுதான் தூத்துக்குடி மாவட்டமும் கணக்கினுள் வந்தது. அதற்கு முன்பு இந்த வட்டாரத்தில் புற்றுநோயால் இறந்தவர்கள் குடும்ப நினைவில் இருந்தார்கள், மாதா கோயில் புதைப்புப் பதிவேட்டில் பெயராக இருந்தார்கள். நோயின் கணக்கில் இல்லை.

6. மூன்று மறுப்புகள்

இந்த வாசிப்புக்கு எதிராக மூன்று மறுப்புகளை எழுப்பலாம். மூன்றையும் எடைபோட வேண்டும்.

முதல் மறுப்பு: இவை எல்லாம் சாந்தா ஒருவரின் வேலையல்ல. இது சரி. ஆரம்பகால ஆய்வுகளில் கிருஷ்ணமூர்த்தியின் பங்கு இணையானது. சில துறைகளில் முதன்மையானது. கதிரியக்கக் கருவிகளை நாட்டிலேயே முன்னோடியாக நிறுவியதிலும் அவருடைய உழைப்பு பெரிது. பதிவேட்டைப் புள்ளியியலாளர்களும் களப்பணியாளர்களும் சேர்ந்து கட்டினார்கள். நிறுவனத்தின் வரலாற்றை ஒரு பெண்ணின் தியாகக் கதையாக்குவது இவர்களுக்கு அநீதி. கூடவே சாந்தாவுக்கும் அநீதி. அவர் தம்மைக் குழுவின் ஒருவராகவே முன்வைத்தார். 1984இல் நாட்டில் முதன்முதலாக அறுவைப் புற்றுநோயியலிலும் மருந்துவழிப் புற்றுநோயியலிலும் உயர்பட்டப் படிப்புகள் அங்கே தொடங்கின. தாம் இல்லாதபோதும் வேலை நடக்க வேண்டும் என்ற எண்ணம் இல்லாத இடத்தில் இப்படிப்பட்ட படிப்புகள் தொடங்குவதில்லை.

இரண்டாவது மறுப்பு: தியாகத்தை அடித்தளமாகக் கொண்ட நிறுவனம் நீடிக்காது. குறைந்த ஊதியத்துக்கு வாழ்நாளை ஒப்புக்கொடுக்கும் மருத்துவர்கள் எல்லாத் தலைமுறையிலும் கிடைக்க மாட்டார்கள். இது வலுவான மறுப்பு. சாந்தாவின் முன்மாதிரியை அறநெறியாக மட்டும் முன்வைத்தால், அடுத்த தலைமுறை மருத்துவரிடம் நாம் கேட்பது துறவு. துறவைக் கேட்டு வாங்க முடியாது. ஆனால் அவருடைய முறையை முன்வைத்தால், நாம் கேட்பது நேர்மையான ஆவணம். அதற்கு நல்ல ஊதியம் கொடுக்கலாம், பயிற்சி கொடுக்கலாம், அரசு ஊழியரின் கடமைப் பட்டியலில் சேர்க்கலாம். தொண்டை முறையாக மாற்றுவது தொண்டின் மதிப்பைக் குறைப்பதாகாது. அது நிலைப்பதற்கான வழி.

மூன்றாவது மறுப்பு தெற்கிலிருந்து வருவது. ஒரு பெரிய நிறுவனம் சென்னையில் வளர்ந்தது, தொலைவிலிருந்தவர்களுக்கு என்ன கிடைத்தது? கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான கதிர்வீச்சு வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஐந்தாறு வாரம் தொடர்வது. இடையில் விட்டால் பலன் குறையும். உப்பளத்தில் நாள்கூலிக்கு வேலை செய்யும் ஒரு பெண்ணையும் துணைக்கு வரும் ஒருவரையும் இரண்டு மாதம் சென்னையில் தங்கவைப்பது என்றால், சிகிச்சை இலவசமாகவே இருந்தாலும் அந்தக் குடும்பத்துக்கு இரண்டு கூலியும் நின்றுபோகும். சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்குப் படுக்கை வசதி வகுப்பில் ரயில் கட்டணம் முழுதும் தள்ளுபடி. உடன்வருபவருக்குப் பெரும்பகுதி தள்ளுபடி. ஆனால் தங்குமிடமும் சாப்பாடும் போன கூலியும் எந்தச் சலுகையிலும் வராது. கன்னியாகுமரிப் பக்கத்தவர்கள் 1981இல் தொடங்கிய திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மையத்துக்குப் போவதைத் தேர்ந்தெடுத்ததற்கும் தொலைவுதான் காரணம். தூத்துக்குடியில் அரசு மருத்துவக் கல்லூரியே 2000இல்தான் வந்தது. நவீனக் கதிர்வீச்சுக் கருவி அங்கே வர அதன்பிறகும் இரண்டு தசாப்தங்கள் ஆயின.

இந்த மறுப்பை நான் ஏற்கிறேன். ஆனால் அதன் குறி தவறான இடத்தில் விழக்கூடாது. அறுபதுகளிலேயே காஞ்சிபுரம் வட்டாரத்தில் ஊர்ப்புறக் கண்டறிதல் பணியில் இறங்கியவர்கள் அடையாற்று நிறுவனத்தார். மருத்துவமனையில் சிகிச்சை கொடுப்பதைவிட ஊரிலேயே நோயைத் தொடக்கத்தில் பிடிப்பது மேல் என்று சாந்தா ஓயாமல் சொல்லிவந்தார். கேட்டு அமல்படுத்த வேண்டியவர்கள் அதை மேடைப் பேச்சாக எடுத்துக்கொண்டார்கள். தொலைவுக்கான பொறுப்பு ஒரு தன்னார்வ நிறுவனத்தைவிட அரசுக்கே அதிகம்.

7. ஊரில் என்ன செய்யலாம்: சான்றுகள்

ஊரிலேயே பிடிக்க முடியும் என்பதற்குத் தென்னிந்தியாவிலிருந்தே உறுதியான சான்றுகள் உள்ளன. திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த சோதனையில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்த்துச் சோதித்தார்கள். பரிசோதனைக்குரிய குழுவில் 49,311 பெண்களும், ஒப்பீட்டுக் குழுவில் 30,958 பெண்களும் இருந்தார்கள். 2007இல் லான்செட்டில் வெளியான முடிவின்படி, பரிசோதனைக் குழுவில் நோய் 25 விழுக்காடும் அதனால் ஏற்படும் மரணம் 35 விழுக்காடும் குறைந்தன. திருவனந்தபுரம் மாவட்டத்தில் சுகாதாரப் பணியாளர்கள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துச் சோதித்த ஆய்வின் முடிவு 2005இல் வந்தது. புகையிலை அல்லது மதுப் பழக்கமுள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் 34 விழுக்காடு குறைந்தது.

இரண்டிலும் தேவைப்பட்ட கருவிகள் எளியவை. வாய்ப் பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். ஒரு டார்ச் விளக்கு, ஒரு மரத்துண்டு, கையுறை. வெற்றிலைக்காவி படிந்த வாயைக் கொப்பளிக்கச் சொல்ல வேண்டும். கன்னத்தை விரலால் விலக்கி, புகையிலை ஒதுக்கிவைக்கும் இடத்தை முதலில் பார்க்க வேண்டும். துடைத்தால் போகாத வெண்படை இருக்கிறதா, சிவந்த திட்டு இருக்கிறதா, காரம் பட்டால் எரிகிறதா, மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருக்கிறதா, வாய் முழுதாகத் திறக்கிறதா என்று கேட்டும் தொட்டும் அறிய வேண்டும். இதற்கு ஐந்து நிமிடம் போதும். வெண்படை பலருக்கு வலிக்காது. வலிக்காததால்தான் அவர்கள் வருவதில்லை. வலிக்கும்போது வருபவருக்குத் தாடையெலும்பையும் சேர்த்து எடுக்கும் அறுவையே மிஞ்சும். 1908இல் நெய்யூரில் ஃபெல்ஸ் கண்டதும் பெரும்பாலும் இந்த நிலையில் வந்தவர்களைத்தான். நூறாண்டில் மருத்துவம் மாறியிருக்கிறது. வருகிற நேரம் போதிய அளவு மாறவில்லை.

ஆனால் பரிசோதனை மட்டும் போதாது. திண்டுக்கல் ஆய்வு தரும் பாடத்தில் பலரும் கவனிக்காத பகுதி ஒன்று உண்டு. பரிசோதனையில் சந்தேகத்துக்குரியவர் என்று தெரிந்தவரைச் சிகிச்சைக்குக் கொண்டுசேர்த்தார்கள். பின்னர் பதிவேட்டோடு இணைத்துப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். அந்தப் பதிவேடு இல்லாமல் நோய் குறைந்ததா என்று சொல்லியிருக்கவே முடியாது. முகாம் நடத்தி, கூட்டத்தைப் படமெடுத்து, மறுநாள் செய்தி போட்டுவிட்டு, சந்தேகத்துக்குரியவரைத் தேடிப் போகாத பரிசோதனை தீங்கே செய்கிறது. அச்சத்தைக் கொடுத்துவிட்டு வழியைக் காட்டாமல் விடுகிறது. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்காக வீட்டு வாசலுக்குப் போகும் பணியாளர் படை தமிழ்நாட்டில் உருவாகியிருக்கிறது. அந்த வாசலிலேயே வாயைப் பார்ப்பதும், பார்த்ததைக் குறிப்பதும், குறித்தவரை ஆறு மாதம் கழித்து மீண்டும் தேடிப் போவதும் இயலாத காரியங்கள் அல்ல.

8. முடிவு

சாந்தாவைத் தொண்டராக நினைவுகூர்வது தவறல்ல, அது போதாது என்பதே இதுவரை சொன்னவற்றின் சாரம். அவருடைய தொண்டின் தனித்தன்மை, அது தன்னைத்தானே சோதித்துக்கொண்டதில் இருக்கிறது. இரக்கம் கொண்ட மருத்துவர்கள் எந்தக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். தாம் காப்பாற்றியவர்களோடு காப்பாற்ற முடியாதவர்களையும், தொலைந்துபோனவர்களையும் ஒரே பதிவேட்டில் எழுதி, உலகம் பார்க்க வெளியிடத் துணிந்தவர்கள் மிகக் குறைவு. ப்ளியோமைசின் ஆய்வைப் பிறர் மறுக்க முடிந்ததும், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயில் எஞ்சிய குறையை அளக்க முடிந்ததும் இந்தத் துணிவினால்தான்.

தெற்குக் கடற்கரை ஊர்களுக்கு இதில் ஒரு நேரடிப் பொருள் இருக்கிறது. இன்னொரு அடையாறு இங்கே எழும்பும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. துணைச் சுகாதார நிலையத்தில் வாயைத் திறந்து பார்க்கும் பழக்கமும், தூத்துக்குடி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிகிச்சை தொடங்கியவர் எட்டாவது வாரத்தில் ஏன் வரவில்லை என்று தேடிப் போகும் ஒரு பணியாளரும், மாவட்டப் பதிவேட்டின் எண்களை ஆண்டுதோறும் உள்ளூர் மக்கள் படிக்கும்படி தமிழில் வெளியிடும் ஏற்பாடும் இருந்தால் பெரும்பகுதி நடந்துவிடும். இதில் எதற்கும் வாழ்நாள் தியாகம் வேண்டாம். சம்பளமும் பொறுப்பும் கண்காணிப்பும் வேண்டும். சாந்தாவின் பெயரில் தெருவும் சிலையும் வரட்டும், அதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் சாயர்புரத்து நோயாளி ஒருவர் ஐந்தாண்டு கழித்து எப்படியிருக்கிறார் என்ற கேள்விக்கு அவருடைய மாவட்டத்திலேயே பதில் கிடைக்கிறதா என்பதுதான், சாந்தாவை நாம் எந்த அளவு புரிந்துகொண்டோம் என்பதற்கான சோதனை.